சூட்டை மறிக்கும் சொரசொரப்பு



அடுப்படியில் வேலை செய்கிறவர்களுக்கு வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கொதிக்கும் குழம்பில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டு வைத்தால், சற்று நேரத்தில் அதன் காம்பு கையைச் சுடும். அதே குழம்பில் சிரட்டை அகப்பையைப் போட்டு வைத்தால் சுடாது. சட்டியின் பிடியில் மரக்கட்டை பொருத்தியிருப்பதும் இதனால்தான். வெப்பத்தை எளிதில் கடத்தும் பொருள்கள் உண்டு. கடத்த மறுக்கும் பொருள்களும் உண்டு. அது அந்தந்தப் பொருளின் இயல்பு என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். பெரும்பாலும் அது சரியுங்கூட.

ஆனால் பொருளை மாற்றாமல், அதை மெல்லிய கம்பியாக்கி, அந்தக் கம்பியின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, வெப்பத்தை நன்கு கடத்தும் ஒன்றைக் கடத்தாத ஒன்றாக ஆக்கிவிட முடியுமா? முடியும் என்று 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் சிலிக்கன். அவர்கள் செய்தது என்ன, அது எப்படி நடந்தது, அதனால் நமக்கு என்ன பயன் என்பவற்றை இன்றைய உரையில் பார்ப்போம்.

நமக்கு என்ன பயன் என்ற கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் காலைச் சுட்டுக்கொள்ளாத பிள்ளை தோட்டப்புறத்தில் உண்டா? அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நாம் காசு கொடுத்து ஊற்றிய பெட்ரோலிலிருந்து வந்தது. வண்டியை ஓட்டியதுபோக மிச்சம், புகைக்குழாய் வழியாகக் காற்றோடு போகிறது. செம்பனை ஆலையில் நாரையும் ஓட்டையும் எரித்துப் பாய்லரில் நீராவி உண்டாக்குகிறார்கள். அங்கேயும் புகைபோக்கி வழியாக ஒரு பகுதி வெப்பம் வீணாகப் போகிறது. நிலக்கரியோ எண்ணெயோ எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களை எடுத்துக்கொண்டால், எரிபொருள் தரும் வெப்பத்தில் 100க்கு 30 அல்லது 40 பங்குதான் பொதுவாக மின்சாரமாகிறது. மீதி 60 பங்குக்கு மேல் கடலுக்கும் காற்றுக்கும் போய்ச் சேருகிறது. உலகம் முழுவதிலும் இப்படி வீணாகும் வெப்பத்தில் ஒரு சிறு பங்கையாவது மின்சாரமாக மாற்ற முடிந்தால் எவ்வளவு பெரிய ஆதாயம் என்று எண்ணிப் பாருங்கள்.

மாற்ற வழி இருக்கிறது. அது 200 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த வழி. 1821ஆம் ஆண்டில் தாமஸ் சீபெக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, இரண்டு வேறு உலோகங்களை வளையமாகப் பொருத்தி, ஒரு மூட்டை மட்டும் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் ஊசி திரும்பியது. வளையத்தில் மின்னோட்டம் உண்டானதே காரணம் என்பது பின்னர் விளங்கியது. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் போதும். சுழலும் சக்கரம் இல்லாமல், நீராவி இல்லாமல், சத்தம் இல்லாமல் மின்சாரம் கிடைக்கிறது. இதற்கு வெப்பமின் விளைவு என்று பெயர்.

1977ஆம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்ட இரண்டு வோயேஜர் விண்கலங்களுக்கும் மின்சாரம் கொடுத்தது இந்த முறைதான். சூரிய ஒளி மிக மங்கலாகிவிடும் தொலைவில், புளூட்டோனியம் என்ற கதிரியக்கப் பொருள் தரும் சூட்டிலிருந்து, அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல், 45 ஆண்டுகளுக்கும் மேலாக அவை மின்சாரம் பெற்று வந்திருக்கின்றன.

இவ்வளவு நல்ல முறை நம் வண்டியின் புகைக்குழாயில் ஏன் இல்லை? அங்கேதான் சிக்கல்.

இந்த வேலைக்கு ஏற்ற பொருளுக்கு மூன்று குணங்கள் வேண்டும். முதலாவது, சூட்டு வேறுபாட்டிலிருந்து நல்ல மின்னழுத்தம் தர வேண்டும். இரண்டாவது, மின்சாரத்தை நன்றாகக் கடத்த வேண்டும். மூன்றாவது, வெப்பத்தைக் கடத்தவே கூடாது. ஏன் கூடாது? வெப்பத்தைக் கடத்தினால், சூடான பக்கத்துச் சூடு மறுபக்கத்துக்கு ஓடி இரண்டு பக்கமும் ஒரே சூடாகிவிடும். வேறுபாடு போனால் மின்சாரமும் போயிற்று.

இரண்டாவது குணமும் மூன்றாவது குணமும் ஒன்றாகச் சேருவது அரிது. செம்பு மின்சாரத்தையும் கடத்துகிறது, வெப்பத்தையும் கடத்துகிறது. மரமும் ரப்பரும் இரண்டையும் கடத்துவதில்லை. பிஸ்மத் டெலுரைடு என்ற கூட்டுப்பொருள் மூன்று குணங்களிலும் ஓரளவு தேறியது. காரில் வைக்கும் சிறு குளிர்ப்பெட்டிகள் சிலவற்றுக்குள் இருப்பது அதுதான். ஆனால் அதில் சேரும் டெலூரியம் என்ற தனிமம் பூமியில் மிக அரிதாகக் கிடைப்பது. ஆகவே விலையும் அதிகம்.

சிலிக்கன் அப்படியன்று. பூமியின் மேலோட்டின் எடையில் கால் பங்குக்கும் மேல் சிலிக்கன்தான். ஆற்று மணலிலும் அது இருக்கிறது. அதைத் தூய்மையாக்கவும், வெட்டவும், அதன் மீது நுண்ணிய வேலை செய்யவும் மனிதன் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறான். பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972ஆம் ஆண்டு முதல் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் கையாளப்படும் சில்லுகள் பெரும்பாலும் சிலிக்கன் சில்லுகளே. வேறு சில அணுக்களைச் சிறிதளவு கலந்தால் சிலிக்கன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நல்ல மின்னழுத்தமும் தரும். மூன்று குணங்களில் இரண்டு இருக்கின்றன. கெடுப்பது மூன்றாவது. சிலிக்கன் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துகிறது. வெப்பக் கடத்துதிறனை விஞ்ஞானிகள் ஓர் எண்ணால் குறிப்பார்கள். அந்த அளவையில் செம்புக்கு ஏறக்குறைய 400, இரும்புக்கு 80, எவர்சில்வருக்கு 15, கண்ணாடிக்கு 1. சிலிக்கனுக்கோ ஏறக்குறைய 150. இரும்பைவிடச் சூட்டைக் கடத்தும் ஒரு பொருளை இந்த வேலைக்கு எப்படி எடுப்பது?

இதற்கு விடை காண, சிலிக்கனுக்குள் வெப்பம் எப்படிப் பயணம் செய்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிலிக்கன் ஒரு படிகம். அதாவது அதன் அணுக்கள் நன்றாக நடப்பட்ட ரப்பர்க் காட்டைப் போல வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுக்களோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு முனையைச் சூடாக்கினால் அங்குள்ள அணுக்கள் வேகமாக அதிர்கின்றன. அந்த அதிர்வு பக்கத்து அணுக்களுக்குத் தாவி, அலையாகப் பரவுகிறது. நீண்ட கயிற்றின் ஒரு முனையைக் கட்டி மறுமுனையை ஆட்டினால் கயிற்றில் அலை ஓடுகிறதல்லவா, அதுபோல. சிலிக்கனில் வெப்பம் என்பது பெரும்பாலும் இந்த அதிர்வலைகளின் ஓட்டம்தான்.

இந்த அதிர்வலைகளைத் தனித்தனிப் பொட்டலங்களாகக் கருதி, ஒவ்வொன்றையும் ‘ஃபோனான்’ என்று அழைக்கிறார்கள். ஒலி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் காதுக்கு ‘அவன் போனான், இவன் போனான்’ என்பது போலக் கேட்கும். பொருத்தமாகத்தான் இருக்கிறது. சூட்டைச் சுமந்துகொண்டு ஓடிப் போகிறவன்தான் இந்த ஃபோனான்.

இவன் தடையில்லாமல் எவ்வளவு தூரம் ஓடுவான்? இங்கே நமக்கு ஒரு சின்ன அளவு தேவைப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக வெட்டினால், அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். சிலிக்கனில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் கால் நானோமீட்டர்கூட இல்லை. அணுக்கள் இவ்வளவு நெருங்கி நின்றும், சாதாரண அறைச் சூட்டில் ஃபோனான்கள் பல நூறு நானோமீட்டர் தூரம் எதிலும் முட்டாமல் ஓடுகின்றன. அவற்றுள் நீண்ட அலைகள் ஆயிரம் நானோமீட்டருக்கும் அதிகமாக ஓடுகின்றன. நட்ட வரிசை நேராக இருந்தால் காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்வை போகிறதல்லவா? அதுபோலத்தான். சிலிக்கன் சூட்டை நன்கு கடத்துவதன் இரகசியம் இந்த நீண்ட ஓட்டமே.

அப்படியானால், ஓட்டத்தைக் குறுக்கினால் சூடு குறையும் அல்லவா? வோயேஜர் விண்கலங்களில் செய்தது அதுதான். சிலிக்கனோடு ஜெர்மானியம் என்ற கனத்த அணுக்களைக் கலந்தார்கள். வரிசைக்குள் வேறு இன மரங்களை நட்டது போல ஆகி, ஃபோனான்கள் அவற்றில் முட்டிச் சிதறின. ஆனால் ஜெர்மானியம் விலை உயர்ந்தது. வேறு அணுவைக் கலக்காமல் குறுக்க வழியுண்டா?

உண்டு. சிலிக்கனை மெல்லிய கம்பியாக்குவது. பல நூறு நானோமீட்டர் ஓடக்கூடிய ஒன்றை 50 நானோமீட்டர் தடிமனுள்ள கம்பிக்குள் அடைத்தால், அது திரும்பத் திரும்பக் கம்பியின் சுவரில்தான் முட்டும். இப்போது எல்லாம் சுவரைப் பொறுத்தது.

சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால், முட்டிய அலை அதே சாய்வில் எதிரொலித்து முன்னோக்கியே போகும். ஓட்டம் பெரிதாகக் கெடாது. சுவர் சொரசொரப்பாக இருந்தால், முட்டிய அலை எந்தத் திசையிலும் திரும்பலாம். சில அலைகள் வந்த வழியே திரும்பிவிடும். சிமெண்டுச் சுவரில் பந்தை எறிந்தால் அது எங்கே திரும்பும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கருங்கல் அடுக்கிய சுவரில் எறிந்தால் யாருக்குத் தெரியும்?

மாணவர்கள் இதை வீட்டிலேயே ஒளியைக் கொண்டு செய்து பார்க்கலாம். சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளில் ஒரு சாண் நீளமுள்ள இரண்டு துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுருக்கம் விழாமல், பளபளப்பான பக்கம் உள்ளே இருக்கும்படி ஒரு பென்சிலின் மேல் சுற்றுங்கள். இன்னொன்றைக் கையில் கசக்கி, பிரித்து, அதேபோல் சுற்றுங்கள். பிறகு பென்சிலை உருவிவிட்டால் இரண்டு குழாய்கள் கிடைக்கும். இருட்டறையில் குழாயின் ஒரு முனையில் டார்ச் விளக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, மறுமுனையை ஒரு வெள்ளைத் தாளுக்கு நேராகக் காட்டுங்கள். வழவழப்பான குழாயிலிருந்து வெளிவரும் வெளிச்சம் அதிகமாகவும், கசங்கிய குழாயிலிருந்து வருவது மங்கலாகவும் இருப்பதைக் காண்பீர்கள். தாள் ஒன்றுதான், நீளம் ஒன்றுதான். வேறுபாடு சொரசொரப்பு மட்டுமே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ரப்பர் ஷீட்டை வரிபோட்ட உருளையில் அரைத்தால், வழவழப்பான ஷீட்டைவிட அது புகைக்கூடத்தில் விரைவாகக் காய்கிறதே, அதுபோலச் சொரசொரப்பான கம்பியிலிருந்து வெப்பம் பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறதா என்று சிலர் கேட்கலாம். இல்லை. ஷீட்டில் நடப்பது வேறு. வரிகளால் காற்றுப் படும் பரப்பு கூடுகிறது, அதனால் ஈரம் விரைவில் போகிறது. நம் கம்பியில் வெப்பம் வெளியேறவில்லை. உள்ளேயே அலைக்கழிக்கப்பட்டு, முன்னேற முடியாமல் தவிக்கிறது.

இனி, கலிபோர்னியாவில் செய்தது என்னவென்று பார்ப்போம்.

சிலிக்கன் கம்பி உண்டாக்க ஒரு முறை 1964ஆம் ஆண்டு முதலே தெரியும். ஒரு நுண்ணிய தங்கத் துளியைச் சூடாக்கி, அதன் மேல் சிலிக்கன் கலந்த ஆவியைச் செலுத்தினால், துளி சிலிக்கனை உள்வாங்கித் தன் அடியில் கம்பியாக வளர்க்கும். செடி வளர்வது போலக் கம்பி வளரும். தங்கத் துளி அதன் தலையில் மொட்டுப்போல இருக்கும். இப்படி வளர்ந்த கம்பியின் பக்கங்கள் வழவழப்பானவை. 2003ஆம் ஆண்டில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 22 முதல் 115 நானோமீட்டர் வரை தடிமனுள்ள இத்தகைய கம்பிகளை அளந்து பார்த்தார்கள். 115 நானோமீட்டர்க் கம்பியின் கடத்துதிறன் ஏறக்குறைய 40 ஆகவும், 22 நானோமீட்டர்க் கம்பியினது 10க்கும் கீழாகவும் இருந்தது. கட்டிச் சிலிக்கனின் 150 எங்கே, இந்த எண்கள் எங்கே!

தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள கம்பியில் வெப்பத்தை எப்படி அளந்தார்கள் என்று வியப்பு உண்டாவது இயல்பே. இரண்டு நுண்ணிய மேடைகளைச் செய்து, நீண்ட மெல்லிய கால்களால் தாங்கி, அந்தரத்தில் நிற்க வைத்தார்கள். இரண்டுக்கும் இடையே அந்த ஒற்றைக் கம்பியைப் பாலம்போல் பொருத்தினார்கள். ஒவ்வொரு மேடையிலும் வளைந்து வளைந்து செல்லும் பிளாட்டினக் கோடு ஒன்று உண்டு. மின்சாரம் செலுத்தினால் அது சூடாக்கும். அதன் மின்தடையை அளந்தால் அதுவே வெப்பமானியாகவும் ஆகும். காற்றை வெளியேற்றிவிட்டு ஒரு மேடையைச் சற்றே சூடாக்கினால், மறுமேடை எவ்வளவு சூடாகிறது என்பதிலிருந்து பாலத்தின் வழியே போன வெப்பம் தெரிந்துவிடும்.

2008ஆம் ஆண்டு ஜனவரியில் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் பெய்டோங் யாங், அருண் மஜும்தார் ஆகியோரின் பெர்க்லிக் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியில் கம்பி உண்டாக்கிய முறையே வேறு. கம்பியை வளர்க்கவில்லை; அரித்தெடுத்தார்கள். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தைத் தோட்டத்தில் பலர் கையாண்டிருப்பீர்கள். அதைவிடக் கொடிய, கண்ணாடியையே கரைக்கக்கூடிய ஹைட்ரோ ஃபுளோரிக் அமிலத்தில் வெள்ளி நைட்ரேட் உப்பைக் கலந்து, அதில் சிலிக்கன் தகட்டை முக்கினார்கள். வெள்ளி படிந்த இடங்களில் எல்லாம் சிலிக்கன் கரைந்து குழிந்தது. கரையாமல் எஞ்சியவை நெருக்கமான நாற்றுகளைப் போல நின்றன. அவைதாம் கம்பிகள். 20 முதல் 300 நானோமீட்டர் வரை தடிமன்.

அரித்தெடுத்த கம்பியின் பக்கங்கள் எப்படி இருக்கும்? மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அந்த மேடுபள்ளத்தின் உயரம் 1 முதல் 5 நானோமீட்டர். அதாவது நாலைந்து அணு முதல் இருபது அணு வரையிலான உயரம். கையால் தடவி அறியக்கூடிய சொரசொரப்பு அன்று இது; மின்னணு நுண்ணோக்கியில்தான் தெரியும். இந்தச் சொரசொரப்பு செய்த வேலையைக் கேளுங்கள். அதே தடிமனுள்ள வழவழப்பான கம்பி கடத்தும் வெப்பத்தில், இது ஐந்தில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரைதான் கடத்தியது. ஏறக்குறைய 50 நானோமீட்டர் தடிமனுள்ள கம்பியில் கடத்துதிறன் 1.6 வரை இறங்கிற்று. கட்டிச் சிலிக்கனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இரும்பை மிஞ்சி நின்ற பொருள், கண்ணாடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

வெப்பம் நின்றது சரி. மின்சாரமும் நின்றுவிட்டால் என்ன பயன்? அது நிற்கவில்லை. அதுதான் இந்தச் செய்தியின் உயிர். கம்பியில் மின்சாரத்தைச் சுமப்பவை எலெக்ட்ரான்கள். வேறு அணுக்கள் நிறையக் கலந்த சிலிக்கனில் அவை ஒரு சில நானோமீட்டர் தூரம் போவதற்குள்ளேயே எதிலாவது முட்டித் திரும்புகின்றன. இரவுச் சந்தையின் கூட்டத்தில் நடக்கிறவரை நினைத்துப் பாருங்கள். இரண்டடிக்கு ஒருமுறை யாரையாவது இடித்து ஒதுங்கி நடக்கிற அவருக்கு, தெருவின் ஓரத்துச் சுவர் வழவழப்பானதா, கரடுமுரடானதா என்பதில் என்ன கவலை? ஆளில்லாத தெருவில் வேகமாகச் சைக்கிள் விடுகிறவருக்குத்தான் சுவரைப் பற்றிய கவலை. எலெக்ட்ரான் சந்தையில் நடப்பவர், ஃபோனான் சைக்கிள்காரர். இருவருடைய அடியெடுப்பும் வேறாக இருப்பதால், ஒருவரை மறித்து மற்றவரை விடும் வேலி போட முடிந்தது.

வெப்பமின் பொருள்களின் தரத்தைக் குறிக்க ஓர் எண் உண்டு. பிஸ்மத் டெலுரைடுக்கு அது ஏறக்குறைய 1. கட்டிச் சிலிக்கனுக்கு அறைச் சூட்டில் அது 0.01 அளவே. சொரசொரப்பான கம்பிக்கு 0.6 கிடைத்தது. அதே இதழில், கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தின் ஜேம்ஸ் ஹீத் குழுவினரும், வேறு முறையில் செய்த 10, 20 நானோமீட்டர்க் கம்பிகளைக் கொண்டு இதைப் போன்ற முன்னேற்றத்தை வெளியிட்டிருந்தார்கள். வெப்பமின் வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பொருளுக்கு ஒரே நாளில் இரண்டு குழுக்கள் வாதாடின.

ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு முடிவு வெளிவந்தால் அதோடு கதை முடிவதில்லை. ‘இது எப்படி நடந்தது?’ என்ற கேள்வி விஞ்ஞானிகளைத் தொல்லைப்படுத்தியது. காரணம், பழைய கணக்கு ஒன்று இதற்கு இடங்கொடுக்கவில்லை.

1938ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹெண்டிரிக் காசிமிர், மிகக் குளிர்ந்த படிகங்களில் வெப்பம் போவதை விளக்க ஒரு கணக்குப் போட்டிருந்தார். சுவர் எவ்வளவு சொரசொரப்பாக இருந்தாலும், அதில் முட்டும் அதிர்வு தன் பழைய திசையை முழுவதுமாக மறந்துவிடும். அதற்கு மேல் மறப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே ஓட்டத்தின் தூரம் கம்பியின் தடிமன் அளவுக்குக் குறையும். அதற்குக் கீழே குறையாது. இதைக் காசிமிர் எல்லை என்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 2003இல் அளந்த வழவழப்பான கம்பிகளே பெரும்பாலும் இந்த எல்லையின் அருகில்தான் இருந்தன. அலைகள் அவ்வளவு நுண்ணியவை. நம் கண்ணுக்கு வழவழப்பானது அவற்றுக்கு வழவழப்பாக இல்லை. அப்படியிருக்க, சொரசொரப்பான கம்பி அந்த எல்லையையும் தாண்டி ஐந்து, எட்டு மடங்கு கீழே போனது எப்படி?

பலர் பல விடைகள் சொன்னார்கள். இரம்பப் பல் போன்ற பள்ளங்களுக்குள் அலை மாட்டிக்கொண்டு பின்னோக்கித் திருப்பப்படுகிறது என்றனர் சிலர். வெப்பத்தைச் சுமக்கும் அலைகளின் நீளமும் மேடுபள்ளத்தின் அளவும் சில நானோமீட்டர்களாகவே இருப்பதால், அலையைப் பந்தாக எண்ணும் கணக்கே இங்கே பொருந்தாது என்றனர் வேறு சிலர். இன்னும் சிலர், அமிலம் கம்பியின் உள்ளேயும் புகுந்து துளைகளை உண்டாக்கியிருக்கலாம். பழி முழுவதையும் மேற்பரப்பின் மேல் போடலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேட, பெர்க்லிக் குழுவினர் 2012ஆம் ஆண்டில் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். இந்தத் தடவை தங்கத் துளியால் வளர்த்த வழவழப்பான கம்பியையே எடுத்துக்கொண்டு, அதன் புறத்தை மட்டும் கட்டுப்பாட்டோடு சொரசொரப்பாக்கினார்கள். ஒவ்வொரு கம்பியின் மேடுபள்ளத்தையும் நுண்ணோக்கியில் அளந்து வரைந்துகொண்டு, அதே கம்பியின் வெப்பக் கடத்துதிறனையும் அளந்தார்கள். முடிவு தெளிவாக இருந்தது. மேடு எவ்வளவு உயரம் என்பது மட்டும் போதாது. மேடுகள் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன என்பதும் முக்கியம். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள அளவுகளில் மேடுபள்ளங்கள் எப்படிப் பரவியிருக்கின்றனவோ, அதற்கு ஏற்பவே வெப்பம் குறைந்தது. மேற்பரப்புக்கு அந்த வலிமை உண்டு என்பது இதனால் உறுதிப்பட்டது. அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டவர்களுள் ஒருவரான கேதார் ஹிப்பல்காவ்கர், பின்னர் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பணியில் சேர்ந்தார். நம் வட்டாரத்துக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் அப்படி ஓர் உறவு.

இதுவரை சொரசொரப்பைப் புகழ்ந்தோம். அதற்கு மறுபக்கமும் உண்டு. கைத்தொலைபேசியிலும் கணினியிலும் உள்ள சில்லுகளில், மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண்ணிய உறுப்புகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் சிலிக்கன் பகுதிகள் சில நானோமீட்டர் தடிமனுக்கு மெலிந்துவிட்டன. வேலை செய்யும்போது அவை சூடாகின்றன. அந்தச் சூடு சீக்கிரம் வெளியேற வேண்டும். ஆனால் சிலிக்கன் மெலிய மெலிய, அதன் சுவர்களே சூட்டை மறிக்கின்றன. புகைக்குழாயில் நாம் வேண்டி நிற்கும் குணம், சில்லுக்குள் தொல்லையாகிறது.  குணம் ஒன்றுதான், இடத்தைப் பொறுத்து அது நன்மையாகவும் தீமையாகவும் அமைகிறது.

அப்படியானால் சொரசொரப்பான சிலிக்கன் கம்பிகளை நாளைக்கே கடையில் வாங்கி மோட்டார் சைக்கிளில் மாட்டிவிடலாமா? அவ்வளவு எளிதன்று. ஒற்றைக் கம்பியில் கிடைத்த பலனைக் கோடிக்கணக்கான கம்பிகள் சேர்ந்த கட்டிலும் பெற வேண்டும். ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் மின் இணைப்புச் சரியாகப் பொருந்த வேண்டும். பல ஆண்டு சூட்டைத் தாங்க வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். இந்தத் தடைகள் காரணமாக இவை இன்னும் அன்றாடப் பயன்பாட்டுக்குப் பரவலாக வரவில்லை. வந்தாலும், வீணாகும் வெப்பம் முழுவதையும் இவை மின்சாரமாக்கிவிடமாட்டா. ஒரு சிறு பங்கைத்தான் மீட்கும். ஆனால் வீணாவது மலையளவு என்றால், சிறு பங்கும் சிறிதன்று.

ஆகவே நேயர்களே, இதிலிருந்து நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை இரண்டு. பொருளின் குணத்தை அதன் உள்ளிருப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. அது மிக மெலியும்போது அதன் புறமும் சேர்ந்து முடிவு செய்கிறது. அடுத்து, வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் அடியெடுப்பு வேறு. அந்த வேற்றுமையைக் கண்டுகொண்டதால்தான், ஒன்றை விட்டு ஒன்றை மறிக்க முடிந்தது. பள்ளியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் இந்த வீட்டில் இருந்தால், அலுமினியத் தாள் சோதனையை இன்றிரவே அவர்களைச் செய்யச் சொல்லிப் பெற்றோரும் பக்கத்தில் இருந்து பாருங்கள். குழாயை இன்னும் நீளமாகச் செய்தால் வெளிச்சம் என்னவாகிறது, இன்னும் நெருக்கமாகக் கசக்கினால் என்னவாகிறது என்று அவர்களே மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். பெர்க்லியில் நடந்ததும் அதுதான். அங்கே குழாய் மட்டும் மிகச் சிறியது.